ஏழாவது நாற்காலிக்கு ஆள் பிடித்த கதை

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் ஆள்பிடி. பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். மேசையில் எறும்பு வந்தால்கூட ஊதித்தான் நகர்த்துவார். சின்ன வயதில் சாப்பிட அடம்பிடித்தால் பிள்ளைபிடிக்காரன் வருவான் என்று நம்மை மிரட்டுவார்களே, அந்தப் பெயரில் பாதியைக் கிள்ளி இவருக்கு ஒட்டிவிட்டார்கள். இவர் பிடிப்பது பிள்ளைகளை அல்ல. பிள்ளைகளுக்காகப் பெரியவர்களைப் பிடிக்கிறார்.

சுகாதாரத் துறையில் குழந்தைகளின் சுற்றுச்சூழல் நல ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் நீளம், விஷயம் எளிது. குழந்தை மூச்சுவிடும் காற்று, குடிக்கும் தண்ணீர், உருண்டு விளையாடும் மண், சுவரிலிருந்து சுரண்டி வாயில் போட்டுக்கொள்ளும் பெயின்ட், இவையெல்லாம் அதன் உடம்பை என்ன செய்கின்றன, எதைத் தடுக்கலாம், எங்கே போய்ச் சோதித்துப் பார்க்கலாம் என்று அரசுக்கு எடுத்துச் சொல்ல ஏழு வல்லுநர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஏழு பேரும் புதிதாக வர வேண்டும். விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, தகுதியானவர்களைத் தேடிப் பிடித்து, சம்மதிக்க வைத்து, நாற்காலியில் உட்கார வைப்பது வரை இவர் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை, இதே மூலை அறை, இதே ஆட்டம் காணும் மேசை. மேசைக்காலுக்கு முட்டுக் கொடுக்கும் அட்டையைக்கூட இவர் மாற்றியதில்லை.

நான் தையல்காரி. பள்ளிச் சீருடை தைக்கிறேன். எங்கள் வீட்டு முன்னறையில் துணி வெட்டுகிற நீள மேசை ஒன்று உண்டு. ஒரு பக்கம் நான் வெட்டுவேன், மறுபக்கம் அவர் விண்ணப்பங்களின் நகல்களைப் பரப்பிக்கொள்வார். வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று விதி இருக்கிறதா என நான் கேட்டதில்லை. இருந்தால் இந்த மனுஷன் கொண்டுவந்திருக்கவே மாட்டார்.

விண்ணப்பங்களை எடைபோட அவருக்கு ஒரு சொந்த வழி உண்டு. பட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் 'குழந்தை' என்கிற வார்த்தை எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுவார். எண்ணுவது யார்? நான்தான். தையல் சாக்கட்டியால் வட்டம் போட்டுப் போட்டு என் விரல் வெளுத்துப்போகும். ஒரு முறை தண்ணீர்த் துறை மேதை ஒருவர் அறுபத்தொரு பக்கத்துக்கு அனுப்பியிருந்தார். அதில் குழந்தை இரண்டு இடத்தில் வந்தது. அதிலும் ஒன்று, "நான் குழந்தையாக இருந்தபோதே அறிவியலில் ஆர்வம் கொண்டேன்" என்பது.

"இவரு வேண்டாங்க. இவரு இன்னும் அந்தக் குழந்தையத் தாண்டி வரல," என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரிசீலனையில் இருக்கட்டும்" என்று தனியாக எடுத்து வைத்தார். யாரையும் முகத்தில் அடித்த மாதிரி நிராகரிக்க அவருக்கு வராது.

ஆள் பிடிப்பது லேசான காரியம் இல்லை. சம்பளம் கிடையாது, புகழ் கிடையாது, கூட்டத்துக்கு வந்தால் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். கேட்டவர்கள் எல்லாரும் நழுவத்தான் பார்ப்பார்கள். ஒரு பேராசிரியர் தொலைபேசியில், "நான் வெளிநாட்டுல இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அவர் மனைவி, "சாப்பாடு ஆறுது, வர்றீங்களா இல்லையா?" என்று கூப்பிட்டது இவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. இவர் என்ன சொன்னார் தெரியுமா? "சரிங்க சார், ஊருக்குத் திரும்பினதும் பேசுறேன், இப்ப போய்ச் சாப்பிடுங்க." நுரையீரல் டாக்டர் ஒருவர் நான்கு மாதம் யோசித்தார். இவர் வாரம் தவறாமல் நினைவூட்டல் அனுப்பினார். கடைசியில் அந்த டாக்டர், "குழுவுல சேர்றது கூடச் சுலபம்யா, உங்ககிட்ட மாட்டேன்னு சொல்றதுதான் கஷ்டம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கையெழுத்து என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வல்லுநர்கள் தங்களைப் பற்றி ஓர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். எந்தக் கம்பெனியோடும் தொடர்பு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது பாதிப்பு உண்டா என்றெல்லாம் கேள்விகள். பல வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு வம்பு வந்ததும், "இதுல இப்படி இருந்ததே எனக்குத் தெரியாது" என்று கையை விரித்துவிட்டார். அந்த வருட அறிக்கையே குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து விதி மாறியது. உறுதிமொழியைக் கேள்வியும் பதிலுமாக முழுவதும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அதன் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். இவருக்கு அது விதி என்பது போய் ரத்தத்தில் ஊறிய பழக்கமாகிவிட்டது. படிக்கும்போது அவர் குரலே மாறும். ஏற்ற இறக்கம் இல்லாமல், மூன்று அறை தாண்டிக் கேட்கும்படி, ஒரே சீராக. வீட்டிலும் அப்படித்தான். இருமல் மருந்து வாங்கி வந்தால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முழுதாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒரு கரண்டி ஊற்றுவார். அதற்குள் எனக்கு இருமலே நின்றுவிடும்.

போன முறை ஆறு நாற்காலிகள் நிரம்பிவிட்டன. ஏழாவது நிரம்பவில்லை. அது ஈயம் தெரிந்தவருக்கான இடம். நகரத்தின் ஓரத்தில் பழைய பேட்டரிகளை உடைத்துப் பிரிக்கிற தெரு ஒன்று இருக்கிறது. அந்தத் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆரம்பப் பள்ளி. பேட்டரிக்குள் இருக்கிற ஈயம் தூளாகப் பறந்து அந்தப் பள்ளி மைதானத்தில் இறங்குகிறது என்று தலைமையாசிரியைக்குச் சந்தேகம். ஈயம் பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளைத்தான் அதிகம் தின்னும். வயிற்றுவலி, சோர்வு என்று ஆரம்பித்து மூளையில் கை வைக்கும். அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றால் குழு கூடிப் பரிந்துரைக்க வேண்டும். ஏழு பேரும் இல்லாமல் குழு கூட முடியாது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் ஏழாவது ஆள் வராவிட்டால் அரசாணையே காலாவதி. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் இரண்டு வருடம் ஓடிவிடும்.

தலைமையாசிரியை திங்கள்தோறும் காலையில் கூப்பிடுவார். கோபமாகப் பேசினால் இவர் தாங்கிக்கொள்வார். அவர் கோபப்படவே மாட்டார். "இன்னிக்கு ஒண்ணாம் வகுப்புல மூணு பேருக்கு வயித்துவலி சார். சும்மா சொல்லி வைக்கலாம்னு கூப்பிட்டேன்" என்று வைத்துவிடுவார். அன்று இவருக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படி இருக்கும்போது ஒரு விண்ணப்பம் வந்தது. ஒற்றைத் தாள். மண்ணிலும் கழிவிலும் இருக்கிற ஈயத்தை அளக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஓர் அம்மா. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு, இப்போது வீட்டிலிருந்தபடியே மற்ற ஆய்வகங்களின் அறிக்கைகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறார். அந்த ஒரு பக்கத்தில் நான் பதினான்கு வட்டம் போட்டேன். குழந்தை தரையில் தவழும் உயரத்தில் தூசி எவ்வளவு, விரலை வாயில் வைத்தால் எவ்வளவு உள்ளே போகும், மைதானத்தில் எந்த மூலையில் மண் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தார்.

"இவங்கதாங்க," என்றேன்.

அவர் பின்னால் இருந்த உறுதிமொழித் தாளை என் பக்கம் நகர்த்தினார். குடும்பத்தில் யாருக்காவது பாதிப்பு உண்டா என்ற கேள்விக்கு அந்த அம்மா எழுதியிருந்தார்: "ஆம். ஆய்வகத்தில் நான் அணிந்த உடையில் ஒட்டி வந்த ஈயத் தூசியால் என் மகளின் உடலில் ஈயம் ஏறியது. அப்போது அவளுக்கு நான்கு வயது. கற்றலில் இன்றும் சிரமம் உண்டு."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். ஊர் மண்ணையெல்லாம் அள்ளி வந்து அரைத்து, சலித்து, பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று எழுதிக் கொடுத்த பெண். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை.

இவருடைய மேலதிகாரி, இயக்குநர் அம்மா, விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் இவங்கள விலக்குவாங்களா? இவங்கள விட்டா வேற யாரு இருக்கா?" என்று அன்றே ஒப்புதல் கொடுத்தார். இவர் தொலைபேசியில் சொன்னபோது அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அரை மணி நேரம் மைதானத்து மண்ணைப் பற்றியே பேசினாராம். இவர் நியமன விதிகள் அடங்கிய தாளைத் தபாலில் அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், மன்னிக்கவும். அவ்வளவுதான்.

இவர் கூப்பிட்டுக் கேட்டார். "முடியாது சார். காரணம் கேக்காதீங்க" என்று வைத்துவிட்டார். இரண்டு நினைவூட்டல் போனது, பதில் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இவர் வெட்டு மேசையில் என் மீட்டர் நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார்.

"நாடா பிஞ்சா நீங்களா வாங்கித் தருவீங்க? எழுந்திருங்க. நேர்ல போய்ப் பார்ப்போம்," என்றேன்.

"நீ எதுக்கும்மா?"

"உங்களத் தனியா அனுப்பினா வாசல்ல நின்னுகிட்டு 'மேற்படி விஷயமா வந்திருக்கேன்'னு ஆரம்பிப்பீங்க. அவங்க கதவச் சாத்திடுவாங்க. ஒரு பொம்பள கூட இருந்தா உள்ள வரச் சொல்லுவாங்க."

மறுநாள் சனிக்கிழமை காலை இரண்டு பஸ் மாறிப் போனோம். மூன்றாவது மாடி, கடைசி வீடு. கதவுக்கு வெளியே நடைபாதைச் சுவரில் மூன்று கொக்கி, ஒரு முக்காலி, மூடி போட்ட வாளி, தனியாக இழுத்துப் பொருத்திய ஒரு குழாய். செருப்பை வெளியே விடவும், கை கழுவவும் என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது. அவர் ஆய்வகத்தை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்தத் தாள் புதிதாக இருந்தது. கிழியக் கிழிய எழுதி ஒட்டுகிறார் போல. நாங்கள் இருவரும் ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர்கள் மாதிரி முழங்கை வரை கழுவிக்கொண்டு நின்றோம்.

கதவைத் திறந்தவர் என் வயதுப் பெண். இவர் யாரென்று தெரிந்ததும் முகம் சுருங்கியது. ஆனால் நான் நினைத்தபடியே என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். தரை ஈரத் துணியால் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. விரிப்பு, மெத்தை நாற்காலி, எதுவும் இல்லை. தூசி தங்க அந்த வீட்டில் ஓரிடம் விட்டுவைக்கவில்லை.

மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். பதினாறு வயது, அம்மாவைவிட ஒரு பிடி உயரம். என் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு என் கழுத்தையே பார்த்தாள்.

"ஆன்ட்டி, இந்தக் கழுத்து நீங்களே தைச்சதா? உள்பக்கம் எப்படி மடிச்சீங்க, மேல தையலே தெரியலையே!"

சும்மா சொல்லக் கூடாது, வாடிக்கையாளர்கள் யாரும் இருபத்தைந்து வருடத்தில் கேட்காத கேள்வி. எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. பெரியவர்கள் பேசட்டும் என்று அவளோடு பக்கத்து அறைக்குப் போனேன். போகும் வழியில் ஒன்றைக் கவனித்தேன். குறுகலான நடையில் அம்மா எதிரே வந்தார். மகள் சட்டென்று சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். அம்மாவும் தோள் படாமல் பக்கவாட்டில் நகர்ந்து போனார். காலையில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அறைச் சுவரில் சின்னச் சின்னத் துண்டுத் தாள்கள். அடுப்பை அணைத்தாயா, சாவி எங்கே, செவ்வாய் குப்பை. மறந்துவிடும் என்பதற்காக அவளே எழுதியது. பெட்டியிலிருந்து கையால் தைத்த ஒரு பையை எடுத்துக் காட்டினாள். தையல் கடுகு கடுகாக, கோடு பிடித்த மாதிரி ஓடியது. மெஷினில்கூட எனக்கு அப்படி வராது. அளவு எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். ஒரு கொத்து நூலைக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் முடிச்சு.

"இஞ்ச் எனக்கு மனசுல நிக்காது ஆன்ட்டி. இத்தனைன்னு சொன்னா அடுத்த நிமிஷம் போயிடும். நூல்ல முடிச்சுப் போட்டுட்டா அது மறக்காது."

"அடி சமத்து! இது எனக்குத் தோணலையே," என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். எனக்கு ஒரு சட்டை தைத்துத் தருவீர்களா என்று கேட்டாள். திரும்பி நில்லு என்று, அவள் நூலையே வாங்கி அவள் தோளில் வைத்து அளவெடுக்க ஆரம்பித்தேன்.

கூடத்தில் அதற்குள் நடந்ததை இவர் எனக்குப் பிறகுதான் சொன்னார். அந்த அம்மா குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொல்லியிருக்கிறார். நியமன விதிகளைப் படித்தபோதுதான் தெரிந்ததாம், உறுதிமொழிகளை அலுவலகப் பலகையிலும் இணையத்திலும் எல்லாரும் பார்க்க வெளியிடுவார்கள் என்று. "என் பொண்ணுக்குத் தெரியாது சார். ஈயம் ஏறுச்சுன்னு தெரியும். எப்படின்னு தெரியாது. பழைய வீட்டுப் பெயின்ட்டுன்னு நெனச்சிட்டிருக்கா, நானும் அப்படியே விட்டுட்டேன். என்னாலதான் அவளுக்கு இப்படி ஆச்சுன்னு ஊருக்கு முன்னாடி படிச்சா, அப்புறம் அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

இவர் உருகிவிட்டார். இயக்குநர் அம்மாவிடம் தொலைபேசியிலேயே பேசினார். வெளியிடும் பிரதியில் 'ஆம்' என்று மட்டும் போட்டு விவரத்தை மறைக்க விதியில் இடம் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த அம்மா, "அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள எத்தனை நாள்ல சோதிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார். குழு கூடிய பதினைந்தாம் நாள் என்றார் இவர். "அப்ப சரி. வர்றேன்," என்றார் அவர்.

ஏழாவது நாற்காலி நிரம்பிவிட்டது. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. புரிந்திருந்தால் அடுத்து அதைச் செய்திருக்க மாட்டார். கோப்பைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்ட வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

அந்த அலுவலகக் குரல் எனக்குப் பக்கத்து அறையில் கணீரென்று கேட்டது. முதலில் பெயர், படிப்பு, எந்த நிறுவனத்தோடும் தொடர்பு இல்லை. எனக்கு உறைக்கவில்லை. பெயின்ட் கதை எனக்கு எங்கே தெரியும்? "குடும்பத்தில் யாருக்காவது பாதிப்பு உண்டா. ஆம். ஆய்வகத்தில் நான் அணிந்த உடையில் ஒட்டி வந்த ஈயத் தூசியால் என் மகளின் உடலில்..."

என் கைக்குக் கீழே அவள் தோள் அப்படியே நின்றுபோனது. நூலைத் தானே எடுத்தாள். மடித்து மேசையில் வைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

இவர் "கற்றலில் இன்றும்" என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மா ஒரு கையை உயர்த்தி அவரை நிறுத்தப் பார்த்திருக்கிறார் போல, கை பாதியில் இருந்தது.

"அது நானா அம்மா?" என்றாள் மகள்.

அந்த அம்மா எழுந்து நின்றார். "ஆமா."

"உன் சட்டையில இருந்து வந்துச்சா? பெயின்ட் இல்லையா?"

"பெயின்ட் இல்லடா. சட்டையில, முடியில, செருப்புல. லேப் கோட்டை அங்கேயே கழட்டி வச்சிட்டுத்தான் வருவேன், போதும்னு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். என் வேலையே அதுதான். எனக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?"

மகள் யோசித்தாள். அவளுக்கு ஒன்று மனதில் படிய நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தக் கூடாது என்று அன்று காலையிலேயே எனக்குப் புரிந்திருந்தது. எனக்கு இவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கும்படி படிக்காதீர்கள் என்று.

அவள் கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை அம்மாவுக்குக் காட்டினாள். "அதனாலதான் இப்படிச் சொல்லுவியா? நான் ஓடி வந்தா, வராதே, அங்கேயே நில்லுன்னு?"

"ஆமாடா. மறுபடி உன்மேல ஒட்டிடுமோன்னு பயம். குளிச்சாலும் பயம். வேலைய விட்ட பிறகும் அந்தப் பயம் போகல. அப்புறம் நீ ஓடி வர்றதையே நிறுத்திட்ட."

"கணக்கு வரலன்னு இல்லையா?"

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"எனக்குக் கணக்கு வரல, எழுத்து நிக்கல. அதனால உனக்கு என்னைப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன். அதான் கிட்ட விடமாட்டேங்குறன்னு. நானும் உன்மேல படாமதான் போவேன். உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

பன்னிரண்டு வருடம். ஒரே வீட்டில், இவ்வளவு துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த வீட்டில், அந்த நினைப்பு மட்டும் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது. அந்த அம்மா இரண்டு எட்டு வைத்தார். மகள் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டார். குனிந்து தன் உடுப்பைப் பார்த்து, இரண்டு கையாலும் தட்டித் தட்டித் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஒன்றுமே இல்லை.

"அம்மா, அது காலையில துவைச்சது. நான்தான் காயப்போட்டேன்," என்றாள் மகள்.

அதற்கு மேல் யார் முதலில் கையை நீட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டிருந்தேன், சரியாகப் பார்க்கவில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது. உயரமான பெண், அம்மாவின் தோளில் முகத்தைப் புதைக்க முதுகை வளைத்துக் குனிந்து நின்றாள். எப்படிக் கட்டிக்கொள்வது என்று இரண்டு பேருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒருவர் கை எங்கே போவது, மற்றவர் தலை எங்கே சாய்வது என்று தடுமாறி, பிறகு சரியானார்கள்.

என் வீட்டுக்காரர் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றார். பாவமாக இருந்தது. "மேடம், என்னை மன்னிச்சிடுங்க. மறைச்சிடலாம்னு நானே சொல்லிட்டு நானே... எனக்கு இந்தப் படிக்கிற பழக்கம்..."

அந்த அம்மா மகளை விடாமலே பேசினார். "மிச்சத்தையும் படிங்க சார். அவளும் கேக்கட்டும்."

படித்தார். அலுவலகக் குரல் எங்கோ போய்விட்டது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். மகளுக்குப் புரியாத வார்த்தை வந்தால் எளிதாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். முடித்ததும் அந்த அம்மா சொன்னார், "விவரத்த மறைக்க வேண்டாம் சார். முழுசாவே ஒட்டுங்க. வேலை முடிஞ்சு அப்படியே வீட்டுக்குப் போற எத்தனையோ பேர் அதப் படிக்கட்டும்." பிறகு மகளைப் பார்த்து, "ஒட்டலாமாடா?" என்று கேட்டார்.

"ஒட்டு. ஆனா எனக்குத் தையல் வரும்னும் அதுல எழுது," என்றாள் அவள்.

படிவத்தில் அதற்கு இடம் இல்லை. இவர் ஓரத்தில் எழுதச் சொன்னார். விதி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த அம்மா எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனா பிடித்த வலது கையை மகள் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தாள், விடவில்லை, அவரும் விடச் சொல்லவில்லை. கையெழுத்து கோணிக்கொண்டு, கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது.

இவர் வழக்கப்படி விண்ணப்பத்தில் இருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒட்டவே இல்லை. இப்படி ஒட்டாத கையெழுத்துக்காக எத்தனையோ பெரிய மனிதர்களின் கோப்பைத் திருப்பி அனுப்பியவர் அவர். இப்போது வாயைத் திறந்தால் இங்கேயே உதைப்பேன் என்று நான் கண்ணால் சொன்னேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. பேனாவை எடுத்து, கையெழுத்துக்குக் கீழே தன் சின்ன எழுத்தில் குறிப்பு எழுதினார்: "கையெழுத்து மாறுபடுகிறது. இட்டவர் இவரே. மகள் கையைப் பிடித்திருந்தார்."